திறந்து வைத்த ஏடும் கல்விக்கொடைதான்

2009 ஏப்ரலில் பிரிட்டன் வருவாய்த் துறையிடமிருந்து ஒரு சிறிய நிறுவனத்துக்குப் பதில் கடிதம் வந்தது. விக்கிப்பீடியாவோடு தொடர்புடைய, விக்கிமீடியா யுகே என்று இன்று அறியப்படும் அந்த நிறுவனம் அப்போது தொடங்கி ஓராண்டுகூட நிறையவில்லை. யாரும் படிக்கலாம், எடுத்தாளலாம், திருத்தலாம், மறுபடி அச்சிடலாம் என்று விடப்பட்ட கல்வி ஆக்கங்களை நாடெங்கும் வளர்ப்பதே தன் வேலை, ஆகவே தன்னைத் தொண்டு நிறுவனமாக ஏற்க வேண்டும் என்று அது விண்ணப்பித்திருந்தது. துறை மறுத்துவிட்டது. கலைக்களஞ்சியம் ஆக்குவது கல்வியை வளர்க்கும் அறச்செயல் ஆகாது. வெறுமனே அறிவைப் பெருக்கினால் போதாது, கற்பித்தல் அதோடு சேர வேண்டும் என்பது காரணம். 2011 நவம்பரில் தொண்டு நிறுவனங்களைப் பதியும் ஆணையம் அந்த நிலையை மாற்றிப் பதிவு கொடுத்தது. அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை விஷயம் அங்கே முடிந்தது. ஆனால் மறுப்புக்குப் பின்னால் இருந்த எண்ணம் முடியவில்லை. அது பிரிட்டனுக்கு மட்டும் உரியதுமல்ல. கல்விக்குக் கொடை என்றால் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், ஃபீஸ் கட்ட வேண்டும், நோட்டும் புத்தகமும் வாங்கித் தர வேண்டும் என்றுதான் நம்மிடையிலும் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அறிவைத் திறந்து வைப்பது நல்ல காரியம்தான், ஆனால் அது தகவல், கல்வி வேறு என்கிறார்கள். நல்ல மனத்தோடு சொல்லப்படும் இந்தக் கருத்து தவறு. கொடுக்கிற மனமுள்ளவர்களின் பணத்தை ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் கேடு செய்வதும்கூட.

வருவாய்த் துறை சான்றாகக் காட்டிய தீர்ப்பின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்னார்ட் ஷா 1950 நவம்பரில் இறந்தார். ஆங்கில எழுத்துமுறை உச்சரிப்போடு ஒட்டாமல் எழுதுகிறவரின் நேரத்தையும் தாளையும் தின்கிறது என்பது அவருடைய நெடுநாள் கட்சி. குறைந்தது 40 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கவும், தன் 'ஆண்ட்ரோக்ளீஸும் சிங்கமும்' நாடகத்தை அந்த எழுத்தில் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பவும் உயிலில் வழி செய்திருந்தார். எஞ்சிய சொத்து மூன்று நிறுவனங்களுக்கு: பிரிட்டிஷ் மியூசியம், லண்டனின் அரச நாடகக் கல்விக்கழகம், டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடம். புதிய எழுத்துக்கு விட்ட பணம் செல்லுமா என்ற வழக்கை 1957-ல் நீதிபதி ஹார்மன் விசாரித்தார். செல்லாது என்றார். அறிவைப் பெருக்குவது மட்டுமே நோக்கமானால், கற்பித்தலோ கல்வியோ அதனுடன் சேராதவரை அது அறம் ஆகாது என்பது அவர் வகுத்த விதி. ஹார்மன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஷாவின் திட்டத்தில் பிரசாரம் கலந்திருந்தது. ஒரு கட்சிக்கு ஆள் சேர்க்க விடப்பட்ட பணத்தை அறக்கொடை என்று ஏற்க அவர் தயங்கியது புரிகிறது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பின்னணியை விட்டுவிட்டார்கள். வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்து, ஐம்பது ஆண்டுகள் கழித்து, எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்காத கலைக்களஞ்சியத்தின் தலையில் வைத்தார்கள்.

அந்த வாக்கியத்துக்கான மறுப்பு அதே வழக்குக் கட்டிலேயே இருக்கிறது. ஷா பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். கல்லூரிப் படியை மிதிக்காதவர். இருபது வயதில் லண்டன் வந்து, வேலை நிலைக்காமல், கையில் காசில்லாமல், 1880-களின் பகல்களைப் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்புக் கூடத்தில் கழித்தார். நாடக விமர்சகர் வில்லியம் ஆர்ச்சர் அவரை முதலில் கவனித்தது அங்கேதான். ஷாவின் மேசைமேல் மார்க்ஸின் 'மூலதனம்' பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் கிடந்தது. பக்கத்திலேயே வாக்னரின் 'டிரிஸ்டன்' இசைநாடகத்தின் முழுச் சுரக்குறிப்பு நூல். நாள் கணக்காக இரண்டையும் அவர் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பாடத்திட்டக் குழுவும் இந்த இரண்டையும் ஒரே மாணவரிடம் கொடுத்திருக்காது. சொத்தை ஏன் அந்த நிறுவனங்களுக்கு எழுதினார் என்பதையும் ஷா உயிலிலேயே சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தனக்குக் கிடைத்த உண்மையான கல்வியில் பெரும்பங்கு டப்ளின் ஓவியக்கூடத்தில் கிடைத்தது என்கிறார். எழுத்து வாழ்க்கையின் தொடக்கத்தில் மியூசிய வாசிப்புக் கூடம் தந்த பயனுக்கு நன்றி சொல்கிறார். ஆசிரியர் இல்லாமல், கதவு திறந்திருந்த இரண்டு கட்டடங்களில் படித்து ஆளான ஒருவரின் உயில் அது. கற்பிக்க ஆள் இல்லையென்றால் கல்வி இல்லை என்ற விதி அந்த உயிலை வைத்து நடந்த வழக்கிலிருந்து பிறந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த எண்ணம் ஹார்மனோடு தொடங்கவுமில்லை. 1850-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியபோது, நகரங்கள் பவுண்டுக்கு அரைப் பென்னி வரி வசூலித்துக்கொள்ளலாம் என்றது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், நூலகருக்குச் சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் வாங்கக் கூடாது. நூல்கள் நன்கொடையாக வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டார்கள். நூல் வாங்கலாம் என்று சட்டம் மாற ஐந்து ஆண்டுகள் ஆயின. கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, சம்பளம் வாங்கும் ஆள் தெரிகிறார், ஆகவே அவை செலவுக்குத் தகுதியானவை. ஏட்டில் இருப்பது தானாக வந்துவிடும் என்ற இந்தக் கணக்கு இன்றைய நன்கொடையாளர் மனத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள் என்றே நினைக்கிறேன். காஞ்சிபுரத்துக்கு அருகே கிடைத்த கூரம் செப்பேட்டில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்குகிறான். மண்டபத்துக்கு வந்து கேட்பவர் யாரும் பெயர் பதிந்த மாணவரில்லை. தேர்வு இல்லை, தேர்ச்சியும் இல்லை. வாசிக்கிறவர் ஒருவர் இருந்தார் என்பது உண்மைதான். எழுத்தறிவு சிலருக்கே இருந்த காலத்தில் ஏட்டைத் திறந்து வைப்பதற்கு அதுதான் வழி.

பிரிட்டன் நீதிமன்றங்களே ஹார்மனின் விதியை நெடுநாள் அப்படியே விடவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன் என்று நம்பிய ஒரு சங்கத்துக்கு, அதற்கான கையெழுத்துப் படிகளைத் தேட விடப்பட்ட பணம் பற்றிய வழக்கில், நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் 1964-ல் கல்வி என்ற சொல்லைக் கற்பித்தலுக்கு அப்பாலும் விரித்துப் பொருள் கொண்டு அந்தக் கொடையைச் செல்லும் என்றார். அதைவிட முக்கியமானது 1971-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு. 1865 முதல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் குழு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அது பள்ளி நடத்துவதில்லை, யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. நடந்ததைச் சரியாக எழுதிப் படிக்கக் கிடைக்கும்படி செய்கிறது, அவ்வளவுதான். அதைத் தொண்டு நிறுவனம் என்று ஏற்கக் கூடாது என்று எதிர்த்து நின்றது அன்றைய வருவாய்த் துறை. நீதிமன்றம் ஏற்றது. தீர்ப்புத் தொகுதிகள் இல்லாமல் சட்டத்தை யாராலும் கற்க முடியாது. கற்பதற்கு வேண்டிய மூலத்தை ஆக்கித் தருவது கல்வியை வளர்ப்பதே என்ற அடிப்படையில் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். அப்படித் தோற்ற துறையின் வழிவந்த துறைதான் 2009-ல் 1957-ன் வாக்கியத்தை மறுபடி கையில் எடுத்தது. நம் நாட்டில் நிலைமை இன்னும் இறுக்கம். வருமான வரிச் சட்டத்தில் அறச்செயல் என்பதற்குள் 'கல்வி' வருகிறது. 1975-ல் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்கு, இளையோருக்கு முறைப்படி தரப்படும் பள்ளிப் படிப்பும் பயிற்சியும் என்று பொருள் சொன்னது. பயணம் போவதாலும், பத்திரிகை படிப்பதாலும், அருங்காட்சியகம் பார்ப்பதாலும் அறிவு வளரும், ஆனால் சட்டம் சொல்லும் கல்வி அதுவல்ல என்று விளக்கமும் தந்தது. அந்த அறக்கட்டளை செய்தித்தாள் நடத்தி லாபம் ஈட்டியது. ஆகவே அந்த வழக்கின் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் முடிவுக்குச் சொன்ன காரணம் 2022-லும் உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டு நிற்கிறது.

இனி எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். குவித்து வைத்த தகவல் தானாகக் கல்வி ஆகிவிடாது. தேடத் தெரிந்தவருக்கே அது பயன்படும். வழிகாட்ட ஆள் வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு திறந்த அறிவுத் தொண்டு நிறுவனம் செய்வது குவிப்பு வேலை என்று யார் சொன்னது? விக்கிமீடியா யுகே விக்கிப்பீடியாவை நடத்துவதில்லை. அது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை என்ற வேறு அமைப்பின் பொறுப்பு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நூலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும், விக்கித் திட்டங்களில் பங்களிக்க வழிகாட்டும் விக்கிமீடியர் ஒருவரை அமர்த்த உதவுவது, பயிலரங்கு நடத்துவது, பூட்டிக் கிடக்கும் தொகுப்புகளைத் திறக்கச் சொல்லி நிர்வாகங்களோடு மன்றாடுவது ஆகியவைதான் அதன் அன்றாட வேலை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இப்படி ஒருவர் 2016 முதல் இருக்கிறார். அங்கே நடந்த ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1563 முதல் 1736 வரை ஸ்காட்லாந்தில் சூனியம் செய்வது மரண தண்டனைக்குரிய குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் பெண்கள். அவர்களைப் பற்றிய வரலாற்றாய்வாளர்களின் தரவுத்தளம் 2003-லிருந்தே இணையத்தில் இருந்தது. ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள், மற்றவர்களுக்கு அது எட்டாத பட்டியல். 2019-ல் ஒரு மாணவர் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் வாழ்ந்த ஊரைத் தேடினார். பழைய ஆவணத்தில் ஊர்ப்பெயர் ஒரு விதமாக இருக்கும், இன்றைய வரைபடத்தில் வேறு விதமாக இருக்கும். சில குடியிருப்புகள் மறைந்தே போய்விட்டன. பழைய நிலப்படங்களோடு ஒப்பிட்டு, கண்டுபிடித்த இடத்தை யாரும் எடுத்தாளக்கூடிய விக்கித்தரவு என்ற தரவுத்தளத்தில் பதிந்தார். அதிலிருந்து ஒரு வரைபடம் பிறந்தது. இன்று ஸ்காட்லாந்தில் யாரும் தன் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்து, இந்தத் தெருப்பக்கத்தில் வாழ்ந்த இன்னாரை இன்ன ஆண்டில் விசாரித்தார்கள் என்று அறியலாம். இதில் கற்றவர் யார், கற்பித்தவர் யார்? அந்த மாணவர் பழைய எழுத்தையும் நிலவியலையும் தரவு வேலையையும் ஒருசேரக் கற்றார். கற்றதன் விளைவு விடைத்தாளில் முடங்காமல் ஒரு நாட்டுக்குப் பாடமாகிவிட்டது. வழிகாட்டல் வேண்டும் என்பவர்கள் கேட்கும் அந்த வழிகாட்டல் இங்கே இருக்கிறது. ஏடு திறந்திருந்ததால்தான் அது நடந்தது.

வேல்ஸ் இன்னொரு வகைச் சான்று. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வேல்ஸ் மொழி பேசுவோர் சுமார் 5,38,000 பேர். ஒரு பாடநூல் பதிப்பாளருக்கு இது சந்தையே இல்லை. இந்தச் சிறு மொழியின் விக்கிப்பீடியாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றில் பல குறுங்கட்டுரைகள், தரவிலிருந்து இயந்திர உதவியோடு ஆக்கியவையும் உண்டு. எண்ணிக்கையை வைத்து மட்டும் பெருமை பேச நான் வரவில்லை. அபெரிஸ்ட்வித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 2015-ல் விக்கிமீடியர் ஒருவரைத் தற்காலிகமாக அமர்த்தி, பிறகு அதை நிலையான பணியாகவே ஆக்கிக்கொண்டதுதான் கவனிக்க வேண்டியது. பழைய நிலக்காட்சி அச்சுப்படங்களையும் நிழற்படங்களையும் ஆயிரக்கணக்கில் விக்கிமீடியா பொதுவகம் என்ற கட்டற்ற படக் களஞ்சியத்தில் திறந்து வைத்தது. தாய்மொழியில் வேதியியலோ வரலாறோ தேடும் பிள்ளைக்கு ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த மொழி வீட்டுக்குள் சுருங்குமா வகுப்பறை வரை வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. எட்டுக் கோடிப் பேர் பேசும் தமிழின் விக்கிப்பீடியா இன்னும் இரண்டு லட்சத்தை எட்டவில்லை. நம்மில் எழுதும் கைகள் குறைவில்லை. அவற்றின் பின்னே நிற்கும் நிறுவனங்கள்தான் குறைவு.

ஆனால் யாரும் எழுதலாம் என்றால் பிழை வராதா? வரும். வந்தது. 2020 ஆகஸ்டில் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவைப் பற்றி ஒரு செய்தி வெளிவந்தது. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கப் பதின்வயதினர், ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியிருந்தார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆங்கிலத்தின் கொச்சை என்று ஏளனம் செய்யப்பட்ட ஒரு மொழிக்கு அது உண்மையான காயம். இதை மூடி மறைத்துத் திறந்த அறிவுக்கு வாதாட எனக்கு விருப்பமில்லை. அதே சமயம், இதிலிருந்து எதைக் கற்பது என்பதில் எதிர்த்தரப்போடு உடன்பட முடியாது. வேல்ஸில் இது நடக்கவில்லை. ஏனென்றால் அங்கே மொழி தெரிந்தவர்களும் ஒரு தேசிய நூலகமும் உள்ளே இருந்தார்கள். ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் ஆளில்லை. திறந்த கதவுக்குள் அறிந்தவர்கள் வராமல் போனதால் நேர்ந்த பிழைக்குக் கதவைச் சாத்துவது எப்படி மருந்தாகும்? பூட்டிய ஏட்டில் பிழை இல்லை என்பதும் கட்டுக்கதை. 2005 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் அறிவியல் கட்டுரைகள் 42-ஐ வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா அந்த ஆய்வுமுறையைக் கடுமையாக மறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிழை குறைவதில் பிரிட்டானிக்கா முன்னே நின்றது, சரி. ஆனால் அச்சான தொகுதியில் பிழையைக் கண்ட வாசகர் பேனாவால் ஓரத்தில் குறித்துவைக்கலாம், அவ்வளவே. விக்கிப்பீடியாவில் அவரே திருத்தி, ஆதாரம் காட்டி, மறுப்பவரோடு வாதிட்டு நிலைநாட்டலாம். அந்த வாதமே ஒரு பாடம்.

இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் மறுப்பு செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களைப் பற்றியது. தொண்டர்கள் எழுதியதை அள்ளிக்கொண்டு போய்ப் பெருநிறுவனங்கள் காசாக்குகின்றன; இதற்கா நன்கொடை, இதற்கா வரிவிலக்கு என்ற கேள்வி. கோபம் நியாயமானது. அந்த நிறுவனங்களின் தானியங்கிகள் சுமத்தும் பாரமும் கற்பனையில்லை. 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டு சொச்சத்தில் படங்களையும் ஒளிப்பதிவுகளையும் இறக்கும் போக்குவரத்து பாதியளவு கூடிவிட்டதாக விக்கிமீடியா அறக்கட்டளையே சொல்லியிருக்கிறது. ஆனால் கேள்விக்கு விடை 1971 தீர்ப்பிலேயே உண்டு. தீர்ப்புத் தொகுதிகளைப் படித்துச் சம்பாதித்தவர்கள் வழக்கறிஞர்கள்தாம். அவர்களுக்குக் காசு சேர்கிறது என்பதால் தொகுதிகளின் கல்விப் பயன் அழிந்துவிடாது என்றார்கள் நீதிபதிகள். ஊர்க்குளத்தில் தண்ணீர் லாரி வந்து மொண்டால் லாரிக்குக் கட்டணம் போட வேண்டும்; குடத்தோடு வருகிறவளைத் தடுக்க வேலி போடுவது முறையில்லை. பெரிய அளவில் எடுப்பவரிடம் பணம் பெறும் ஏற்பாடு விக்கிமீடியாவில் 2021 முதல் இருக்கிறது. எழுதியவரைச் சுட்ட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் நிபந்தனைகளும் உண்டு. அவற்றை நீதிமன்றம் வரை கொண்டுபோய்க் காப்பதற்கு வலுவான தொண்டு நிறுவனங்கள் வேண்டும் என்பதே இந்தக் கோபம் நம்மை இட்டுச்செல்ல வேண்டிய இடம்.

வருமானம் போய்விடும் என்ற அச்சமும் அருங்காட்சியகங்களிடம் உண்டு. 2009 ஜூலையில் லண்டன் தேசிய உருவப்படக்கூடம், தன் தளத்திலிருந்து 3,000-க்கு மேற்பட்ட ஓவியப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய ஓர் அமெரிக்கத் தொண்டருக்கு வழக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஓவியர்கள் இறந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தாலும், ஓவியத்தை எடுத்த நிழற்படத்துக்குப் புதிய பதிப்புரிமை உண்டு என்பது அதன் வாதம். உழைப்பு மட்டும் போதாது, ஆக்கியவரின் சொந்தப் படைப்புத் தெரிவு வேண்டும் என்று 2023 நவம்பரில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்ன பிறகு, அந்த வாதத்தின் கால் ஆட்டம் கண்டுவிட்டது. பொதுப்பணத்தில் வாங்கி, பொதுப்பணத்தில் காத்த ஓவியத்தின் படத்தை அதே மக்களுக்கு விற்பது எனக்கு எப்போதுமே சரியாகப் படவில்லை. நாம் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தவர்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையை விலைக்கு வாங்கி, பின் மக்களுக்கே விட்டுவிட்டது. அதனால் பாரதி பதிப்பு வறண்டுபோகவில்லை. மலிவுப் பதிப்பு முதல் ஆய்வுப் பதிப்பு வரை பெருகியது. உரிமையாளருக்குப் பணம், வாசகருக்குச் சுதந்திரம் என்ற அந்த நாட்டுடைமை வழியில் வந்த நூல்கள்தாம் பின்னாளில் தமிழ் விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தின் அடித்தளமாயின. திறந்த அறிவுத் தொண்டு நிறுவனங்களை நம்பலாமா என்று கேட்டால், அவையே தவறுவதும் உண்டு. 2012-ல் விக்கிமீடியா யுகேயின் அறங்காவலர் ஒருவர், ஜிப்ரால்டர் அரசிடம் ஆலோசனைப் பணி ஏற்றிருந்த நிலையில் அந்த ஊர் பற்றிய கட்டுரைத் திட்டத்தை முன்னெடுத்தார் என்ற சர்ச்சையில் பதவி விலகினார். வெளியாட்களைக் கொண்டு நிர்வாகத்தை ஆராயச் செய்து, 2013-ல் அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். பள்ளி அறக்கட்டளைகளில் முறைகேடு நடந்தால் பள்ளி நடத்துவது அறமல்ல என்று யாரும் சொல்வதில்லை.

நடைமுறையில் இது எங்கே வந்து நிற்கிறது என்றால், தமிழில் கட்டற்ற பாடநூல்களும் கலைக்களஞ்சியமும் ஆக்கி யாருக்கும் திறந்து வைக்கும் அறக்கட்டளை ஒன்று நாளைக்கு வரிவிலக்குக் கேட்டுப் போனால், 'கல்வி' என்ற தலைப்பில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. 'பொதுமக்கள் நலன்' என்ற பொதுத் தலைப்புக்குத் தள்ளப்படும். அந்தத் தலைப்பில் வணிகம் சார்ந்த வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. அச்சுப் பிரதியைக் குறைந்த விலைக்கு விற்றுச் செலவை ஈடுகட்டப் பார்த்தாலும் அதில் மாட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் லட்சங்களில் கட்டணம் வாங்கும் பள்ளியின் அறக்கட்டளை எந்தக் கேள்வியும் இல்லாமல் கல்வித் தலைப்பில் உட்கார்ந்திருக்கும். இதை மாற்ற நாடாளுமன்றம் பெரிய சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. அறச்செயலை வரையறுக்கும் பிரிவில், கற்பதற்குரிய ஆக்கங்களை உருவாக்கி எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்து வைப்பதும் கல்வியில் அடங்கும் என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.